மூச்சு நின்றவருக்கு இரு கைகளே மருந்து



"இப்பத்தான் டீ குடிச்சிட்டுப் பேசிக்கிட்டு இருந்தாரு. அப்படியே சாஞ்சாரு. ஆள் போயிட்டாரு!" இந்தப் பேச்சை நாம் எத்தனை சாவு வீட்டில் கேட்டிருக்கிறோம்! கேட்டுவிட்டு, "படுக்கையில் கிடந்து சீரழியாமல் போனாரே" என்று ஆறுதல் சொல்லுகிறோம். "விதி முடிந்தது" என்று எழுந்து வந்துவிடுகிறோம்.

ஆனால், அந்த மனிதர் சாய்ந்த நேரத்துக்கும், உயிர் உண்மையாகவே பிரிந்த நேரத்துக்கும் நடுவே சில நிமிடங்கள் இருந்தன. அந்த நிமிடங்களில் சுற்றி நின்றவர்கள் என்ன செய்தார்கள்? ஒருவர் முகத்தில் தண்ணீர் தெளித்தார். ஒருவர் உள்ளங்காலைத் தேய்த்தார். ஒருவர் கார் தேடி ஓடினார். மற்றவர்கள் கூடி நின்று அழுதார்கள். எல்லோருக்கும் காப்பாற்றும் எண்ணம்தான். வழிதான் யாருக்கும் தெரியவில்லை. அந்த வழியைச் சொல்லுவதே இம்மாதக் கட்டுரையின் நோக்கம்.

நான்கு நிமிடக் கணக்கு

நம் இதயம் கைமுஷ்டி அளவுதான். நிமிடத்துக்கு ஏறக்குறைய 70 முறை துடித்து, சுமார் 5 லிட்டர் இரத்தத்தை உடல் முழுவதும் இறைத்து அனுப்புகிறது. ஒரு நாளைக்கு ஒரு லட்சம் துடிப்பு! லீவு கிடையாது, ஞாயிற்றுக்கிழமை கிடையாது.

இந்த இறைப்பு யந்திரம் நின்றுபோனால் முதலில் தவிப்பது மூளை. சில விநாடிகளில் நினைவு தப்பும். நான்கு நிமிடம் ஆகும்போது மூளை பழுதாகத் தொடங்கும். பத்து நிமிடம் ஒன்றும் செய்யாமல் விட்டால் பிழைப்பது மிக அரிது. ஒவ்வொரு நிமிடம் வீணாகும்போதும் பிழைக்கும் வாய்ப்பு நூற்றுக்கு 7 முதல் 10 வரை குறைந்துகொண்டே போகிறது என்று மருத்துவர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள்.

இந்தக் கணக்கை நம் இருப்பிடத்தோடு பொருத்திப் பாருங்கள். புந்தோங்கில் இருப்பவர்களுக்கு ஈப்போ பெரிய ஆஸ்பத்திரி, அதாவது இன்று ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனை என்று அழைக்கப்படுவது, பக்கத்தில்தான் இருக்கிறது. ஆனாலும் போன் செய்து, வண்டி கிளம்பி, சுங்கை பாரி சாலை நெரிசலைத் தாண்டி, அடுக்குமாடி வீட்டுப் படியேறி வருவதற்குள் நான்கு நிமிடம் எப்போதோ கடந்துவிடும். பட்டணத்திலேயே இந்த நிலை என்றால், மண் பாதையில் உள்ளே போக வேண்டிய டிவிஷனில், காலை ஏழு மணிக்கு நிரையில் விழுந்து கிடக்கும் தொழிலாளிக்கு என்ன கதி?

முன்பெல்லாம் தோட்டத்து ஆஸ்பத்திரி இருந்தது, டிரசர் இருந்தார். ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. பல தோட்டங்கள் துண்டாடப்பட்டு வீடமைப்பு நிலமாயின. லயத்தை விட்டுப் புந்தோங் போன்ற இடங்களுக்கு வந்து குடியேறினோம். கூப்பிட்ட குரலுக்கு டிரசர் ஓடி வரும் காலம் பல இடங்களில் போய்விட்டது. ஆகவே அந்த முதல் சில நிமிடங்களுக்கு மருத்துவர் யார் என்றால், பக்கத்தில் நிற்கும் நீங்கள்தான்!

மாரடைப்பு வேறு, இதயம் நிற்பது வேறு

இரண்டையும் ஒன்றென்று பலரும் நினைக்கிறார்கள். அப்படி இல்லை.

இதயத் தசைக்கு இரத்தம் கொண்டு போகும் குழாய் அடைத்துக்கொண்டால் அது மாரடைப்பு. தண்ணீர்க் குழாயில் அடைப்பு விழுந்த மாதிரி. அந்த நோயாளி பெரும்பாலும் விழித்திருப்பார், பேசுவார். நெஞ்சு இறுக்கம், வியர்வை, மூச்சு வாங்குதல் இருக்கும். அவருக்கு வேண்டியது உடனடியாக ஆஸ்பத்திரி.

இதயத்தைத் துடிக்க வைக்கும் மின்னோட்டம் தாறுமாறாகிப் போனால் இதயம் இறைப்பதை நிறுத்திவிடும். மின்சாரம் கெட்டு பம்பு நின்ற மாதிரி. பல சமயம் இதயம் அசையாமல் நிற்பதில்லை. கரையில் போட்ட மீன் போல வெறுமனே நடுங்கிக்கொண்டிருக்கும். நடுக்கம் இருக்கும், இரத்தம் ஓடாது. ஆள் பொத்தென்று விழுவார். கூப்பிட்டால் பதில் இல்லை. மூச்சு இல்லை. இதைத்தான் இதயம் நின்றுபோதல் என்கிறோம். இவருக்கு வேண்டியது அந்த நொடியிலேயே நெஞ்சை அமுக்கும் சி.பி.ஆர். முதலுதவி.

மாரடைப்பு முற்றி இதயம் நின்றுபோவதுண்டு. மின்சாரம் தாக்கியும், நீரில் மூழ்கியும், மூச்சுத் திணறியும்கூட நிற்பதுண்டு. வெளிப்பார்வைக்குத் திடகாத்திரமாக இருப்பவருக்கும் வரும். 2021 ஜூன் 12 அன்று கோப்பன்ஹேகனில் ஐரோப்பியக் கிண்ணப் பந்தாட்டம் நடந்தபோது டென்மார்க் ஆட்டக்காரர் கிறிஸ்டியன் எரிக்சன், 29 வயது இளைஞர், திடலிலேயே சுருண்டு விழுந்தார். அவர் இதயம் நின்றுவிட்டது. குழுத் தலைவர் சைமன் கேயர் முதல் ஆளாக ஓடி வந்து கவனித்தார். மருத்துவக் குழு உடனே நெஞ்சை அமுக்கியது. மின் அதிர்ச்சிக் கருவியும் கொடுத்தது. அவர் பிழைத்தார். பிழைத்தது மட்டுமா? 2022-இல் மறுபடி திடலில் இறங்கினார். 2024 ஐரோப்பியக் கிண்ணத்தில் தம் நாட்டுக்காக ஒரு கோலும் அடித்தார்.

"அவருக்குப் பெரிய டாக்டர்கள் பக்கத்தில் இருந்தார்கள், நமக்கு யார்?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அதற்குப் பதில் அடுத்த கதையில் இருக்கிறது.

தொழிலாளியைக் காக்கப் பிறந்த ஆராய்ச்சி

1920-களில் அமெரிக்காவில் மின்கம்பி வேலை செய்த தொழிலாளர்கள் பலர் மின்சாரம் தாக்கி மாண்டார்கள். அதற்கு வழி காண மின்சார நிறுவனங்கள் பணம் கொடுத்து ஆராய்ச்சி செய்யச் சொல்லின. பால்டிமோர் நகரத்து ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் இந்த வேலையில் இறங்கியவர் வில்லியம் கௌவன்ஹோவன். அவர் மருத்துவர் அல்லர், மின் பொறியாளர்! நடுங்கும் இதயத்தை மின் அதிர்ச்சியாலேயே சரி செய்யும் கருவியை அவர் குழு ஆராய்ந்து வந்தது.

1958-இல் அவருடைய மாணவர் கை நிக்கர்பாக்கர் ஒரு விஷயத்தைக் கவனித்தார். சோதனை நாயின் நெஞ்சில் கனமான மின் தகடுகளை வைத்து அழுத்தும்போதெல்லாம், மின்சாரம் கொடுக்கும் முன்பே, இரத்த அழுத்தம் கொஞ்சம் ஏறியது. வெளியிலிருந்து அமுக்கினாலே இரத்தம் ஓடுகிறது என்பது தெரிந்துபோயிற்று. அறுவை மருத்துவர் ஜேம்ஸ் ஜூடும் சேர்ந்துகொள்ள, 1960 ஜூலை 9 அன்று மூவரும் தங்கள் முடிவை அமெரிக்க மருத்துவச் சங்க ஏட்டில் வெளியிட்டார்கள். 20 நோயாளிகளில் 14 பேர் பிழைத்திருந்தார்கள். யாரும், எங்கேயும் இதைச் செய்யலாம். வேண்டியது இரண்டு கைகள் மட்டுமே என்பதுதான் அவர்கள் உலகுக்குச் சொன்ன செய்தி. வாயோடு வாய் வைத்து மூச்சு ஊதும் முறையை ஜேம்ஸ் ஏலம், பீட்டர் சாஃபர் ஆகிய மருத்துவர்கள் 1950-களில் நிரூபித்திருந்தார்கள். இரண்டும் சேர்ந்ததே சி.பி.ஆர்.

யாரைக் காக்க ஆராய்ச்சி தொடங்கியதோ, அதே தொழிலாளியின் கைக்கு அது வந்து சேர்ந்ததையும் உலகம் பார்த்தது. 1967 ஜூலையில் அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில், ஜாக்சன்வில் நகரில், மின்கம்பத்தின் மேல் வேலை செய்த ஒருவர் 4,000 வோல்ட்டுக்கு மேற்பட்ட கம்பியில் பட்டு, இடுப்பு வாரில் தலைகீழாகத் தொங்கினார். சக தொழிலாளி ஒருவர் ஏறிப் போய், தொங்கியவரின் வாயில் அங்கேயே மூச்சு ஊதினார். பிறகு கீழே இறக்கி முதலுதவியைத் தொடர்ந்தார்கள். அந்த மனிதர் அதன் பிறகு முப்பது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தார். ரோக்கோ மொராபிட்டோ என்ற பத்திரிகைக்காரர் எடுத்த அந்தப் படத்துக்கு 1968-இல் புலிட்சர் பரிசு கிடைத்தது.

கவனியுங்கள் தோழர்களே! அங்கே டாக்டர் இல்லை. ஒரு தொழிலாளியின் உயிரை இன்னொரு தொழிலாளி பிடித்து நிறுத்தினார்.

ஆள் விழுந்தால் என்ன செய்வது?

இதை வெட்டி எடுத்து வீட்டுக் கதவிலும், பெரட்டுக் களத்திலும் ஒட்டி வைத்தாலும் நல்லது.

ஒன்று: முதலில் இடத்தைப் பாருங்கள். மின்கம்பி, வண்டி, தீ, விஷப்புகை இருக்கிறதா? நீங்களும் விழுந்தால் இரண்டு சாவாகிவிடும்.

இரண்டு: இரு தோளையும் தட்டி, உரக்கக் கூப்பிடுங்கள். "அண்ணே! அண்ணே! கேக்குதா?" பதில் இல்லையானால் நெஞ்சைப் பாருங்கள். ஏறி இறங்குகிறதா? பத்து விநாடிக்கு மேல் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். ஒரு முக்கிய எச்சரிக்கை: இதயம் நின்ற சிலர் வாயைத் திறந்து, விட்டு விட்டு, குறட்டை போல இழுப்பார்கள். "மூச்சு இருக்கு, விடுங்க" என்று பலர் ஏமாறுவது இங்கேதான். அது மூச்சு இல்லை. அது கடைசி இழுப்பு. மூச்சு இல்லை என்றே வைத்து வேலையைத் தொடங்குங்கள்.

மூன்று: "யாராவது போன் பண்ணுங்க" என்று பொதுவாகக் கத்தினால் ஒருவரும் செய்யமாட்டார். ஒருவரைக் கையைக் காட்டிச் சொல்லுங்கள்: "தம்பி, நீ 999-க்கு அடி! அக்கா, நீங்க கேட்டுல போய் நின்னு வண்டிக்கு வழி காட்டுங்க!" தனியாக இருந்தால் கைப்பேசியில் 999 அழுத்தி, ஒலிபெருக்கியில் போட்டுத் தரையில் வைத்துவிட்டு நீங்களே வேலையைத் தொடங்கலாம். மலாயில் இப்படிச் சொன்னால் போதும்: "ஓராங் பெங்சான், தீடாக் பெர்நாபாஸ்." மயங்கி விழுந்துவிட்டார், மூச்சு இல்லை என்று பொருள். தோட்டத்தின் பெயர், டிவிஷன், எந்தப் பாதை வழியாக உள்ளே வருவது என்பதைத் தெளிவாகச் சொல்லுங்கள். அவர்கள் வைக்கச் சொல்லும்வரை போனை வைக்காதீர்கள்.

நான்கு: ஆளைக் கெட்டியான தரையில் மல்லாக்கப் படுக்க வையுங்கள். மெத்தைக் கட்டில் உதவாது. அமுக்கும் பலமெல்லாம் மெத்தைக்குப் போய்விடும். பக்கத்தில் முழங்காலிட்டு உட்காருங்கள். ஓர் உள்ளங்கையின் அடிப்பாகத்தை நெஞ்சின் நட்ட நடுவில், நெஞ்செலும்பின் கீழ்ப்பாதியில் வையுங்கள். அதன் மேல் மறு கையை வைத்து விரல்களைக் கோத்துக்கொள்ளுங்கள். முழங்கை மடங்கக் கூடாது. தோள் நேராகக் கைக்கு மேல் இருக்கட்டும்.

ஐந்து: உடம்புப் பாரத்தை இறக்கி அமுக்குங்கள். பெரியவர்களுக்கு நெஞ்சு 5 செண்டிமீட்டர் கீழே இறங்க வேண்டும். 6-க்கு மேல் வேண்டாம். ஒவ்வொரு அமுக்குக்கும் பிறகு நெஞ்சு முழுதாக மேலே எழும்ப விடுங்கள். எழும்பும்போதுதான் இதயத்தில் மறுபடி இரத்தம் நிரம்பும். வேகம் நிமிடத்துக்கு 100 முதல் 120. "ஒன்று, இரண்டு, மூன்று" என்று வாய்விட்டு எண்ணுங்கள். 30 எண்ணி முடிக்க 15 முதல் 18 விநாடி ஆனால் வேகம் சரி. "கட கட" என்று அவசரப்பட்டு மேலோட்டமாக அமுக்குவதில் பலன் இல்லை.

ஆறு: பயிற்சி இல்லாதவர்கள் மூச்சு ஊதாமல் நெஞ்சை மட்டும் நிறுத்தாமல் அமுக்கினால் போதும். பயிற்சி உள்ளவர்கள் 30 அமுக்கலுக்கு இரண்டு மூச்சு. தலையைப் பின்னே சாய்த்து, தாடையை உயர்த்தி, மூக்கைப் பொத்தி, நெஞ்சு எழும்பும் அளவுக்கு ஊத வேண்டும். வாயில் வெற்றிலையோ, கழன்ற பல்செட்டோ கண்ணுக்குத் தெரிந்தால் எடுத்துவிடுங்கள். தெரியாததைத் தேடி விரலை உள்ளே விட வேண்டாம்.

ஏழு: நன்றாக அமுக்கினால் இரண்டு நிமிடத்தில் மூச்சு வாங்கும். மரம் வெட்டிப் பால் தூக்கியவருக்கும், குலை தள்ளியவருக்கும்கூட இது கஷ்டமான வேலைதான். ஆகவே இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாறுங்கள். மாறும்போது இடைவெளி விழாதபடி அடுத்தவர் தயாராக நிற்கட்டும். ஆம்புலன்ஸ்காரர் வந்து கையேற்கும்வரை, அல்லது ஆள் அசைந்து மூச்சு விடும்வரை நிறுத்தாதீர்கள். மூச்சு திரும்பி நினைவு வராமல் கிடந்தால் பக்கவாட்டில் திருப்பிப் படுக்க வைத்து, மூச்சைக் கவனித்துக்கொண்டே இருங்கள்.

எட்டு: பக்கத்தில் ஏ.இ.டி. என்னும் மின் அதிர்ச்சிக் கருவி இருந்தால் ஒருவர் ஓடிப்போய்க் கொண்டு வரட்டும். 1965-இல் வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் நகர மருத்துவர் ஃபிராங்க் பான்ட்ரிட்ஜ் ஆம்புலன்ஸில் ஏற்றிய முதல் கருவி 70 கிலோ எடை. இன்று அது கைப்பெட்டி அளவுக்கு வந்துவிட்டது. பெட்டியைத் திறந்து பொத்தானை அமுக்கினால் அதுவே பேசும், வழி சொல்லும். நெஞ்சு வியர்வையைத் துடைத்துப் படத்தில் காட்டியபடி ஒட்டுங்கள். "தொடாதே" என்று அது சொல்லும்போது யாரும் தொடக் கூடாது. அதிர்ச்சி வேண்டுமா வேண்டாமா என்பதை அதுவே தீர்மானிக்கும். தேவையில்லாதவருக்குக் கொடுக்காது.

செய்யக் கூடாதவை

நினைவில்லாதவர் வாயில் தண்ணீரோ சோடாவோ ஊற்றாதீர்கள், நுரையீரலுக்குள் போகும். கையில் சாவி கொடுப்பது, வெங்காயம் முகரவைப்பது, தைலம் தேய்ப்பது எல்லாம் நேரத்தைத் தின்னும் வேலைகள். உட்காரவைத்துப் பிடிக்காதீர்கள். மூச்சு நின்றவரை அப்படியே காரில் தூக்கிப் போட்டு ஓடாதீர்கள். ஓடும் காரின் பின் இருக்கையில் நெஞ்சை அமுக்க முடியாது. வழியிலேயே அந்த நான்கு நிமிடம் தீர்ந்துவிடும்.

நம் வேலைக்காட்டில் நேரும் சில சந்தர்ப்பங்கள்

மின்சாரம்: குலை வெட்டும் நீண்ட அலுமினியக் கம்பு மேலே போகும் மின்கம்பியில் பட்டால் நொடியில் ஆள் விழுவார். ஓடிப்போய்த் தூக்காதீர்கள்! வீட்டு மின்சாரமானால் முதலில் மெயின் சுவிட்சை அடையுங்கள். பெரிய கம்பியானால் கிட்டவே போகாமல், மின்சார வாரியம் மின்னோட்டத்தை நிறுத்தியது உறுதியான பிறகே தொடலாம்.

இடி: இடி விழுந்தவர் உடம்பில் மின்சாரம் தங்காது. உடனே தொடலாம். பலர் விழுந்து கிடந்தால், முனகுகிறவரை விட்டு அசையாமல் கிடப்பவரை முதலில் கவனியுங்கள். மூச்சு இல்லாதவருக்குத்தான் உங்கள் கை உடனே வேண்டும்.

தண்ணீர்: கிந்தா பள்ளத்தாக்கில் பழைய ஈயக்குட்டைகள் எத்தனை! குளிக்கப் போய் மூழ்கிய பிள்ளையைத் தூக்கியதும் தலைகீழாகச் சுற்றுவதும், வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுப்பதும் பழைய பழக்கம். அதைக் கைவிடுங்கள். மூழ்கியவருக்குக் குறைவது காற்று. ஆகவே முதலில் இரண்டு மூச்சு ஊதி, பிறகு 30-க்கு 2 என்று தொடருங்கள்.

பிள்ளைகள்: சிறு பிள்ளைகளுக்கும் மூச்சு முக்கியம். நெஞ்சின் கனத்தில் மூன்றில் ஒரு பங்கு அமுங்கினால் போதும். ஒரு கை போதுமானால் ஒரு கை. கைக்குழந்தையானால் இரு கைகளாலும் நெஞ்சைச் சுற்றிப் பிடித்து, இரண்டு கட்டை விரலாலும் அமுக்குங்கள். ஊதும்போது குழந்தையின் வாயையும் மூக்கையும் சேர்த்து உங்கள் வாயால் மூடி, மெல்ல ஊதுங்கள்.

மருந்து: களைக்கொல்லியோ பூச்சிமருந்தோ குடித்தவருக்கு வாயோடு வாய் வைக்காதீர்கள். நெஞ்சை மட்டும் அமுக்குங்கள்.

நிறைமாதக் கர்ப்பிணி: அமுக்கும் முறை அதேதான். இன்னொருவர் வயிற்றைக் கையால் இடப்பக்கமாகத் தள்ளிப் பிடித்துக்கொண்டால் இரத்தம் தடையில்லாமல் ஓடும்.

கூட்டம்: தைப்பூசத்தில் புந்தோங் மகா மாரியம்மன் கோயிலிலிருந்து குனோங் செரோ கல்லுமலைக் கோயில் வரை வெயிலில் நடக்கிறோம். அங்கே ஒருவர் விழுந்தால் "அருள் வந்திருக்கு" என்று விலகி நிற்காதீர்கள். தோளைத் தட்டுங்கள், மூச்சைப் பாருங்கள். மூச்சு இருந்தால் நிழலுக்குக் கொண்டு போகலாம். இல்லையென்றால் அதே இடத்தில் அமுக்கத் தொடங்குங்கள்.

பயமும் பதிலும்

"எலும்பு முறிஞ்சிட்டா?" முறியலாம். விலா எலும்பு முறிந்தால் சில வாரத்தில் கூடும். மூளை செத்தால் கூடாது.

"இதயம் நிக்காம இருந்து நான் அமுக்கிட்டா?" பெரிய தீங்கு வராது. ஆள் முனகுவார், கையைத் தள்ளுவார். நீங்கள் நிறுத்திக்கொள்ளலாம். அமுக்காமல் விடுவதுதான் பெரிய தீங்கு.

"பொம்பளை நெஞ்சுல கை வைக்கிறதா?" இந்தக் கூச்சத்தால் பெண்களுக்கு உதவி தாமதமாகிறது. விழுந்து கிடப்பது உங்கள் தாயாக, தங்கையாக இருந்தால் யோசிப்பீர்களா? நாலு பேர் சேலையையோ துண்டையோ பிடித்து மறைக்கட்டும். தாய்மார்களே, நீங்களும் கற்றுக்கொண்டால் இந்தப் பேச்சுக்கே இடமில்லை.

"செஞ்சும் போயிட்டா?" உண்மையைச் சொல்ல வேண்டும். ஆஸ்பத்திரிக்கு வெளியே இதயம் நின்றவர்களில் பெரும்பாலோர் என்ன செய்தாலும் பிழைப்பதில்லை. நன்றாக அமுக்கினாலும் வழக்கமான இரத்த ஓட்டத்தில் கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்குதான் ஓடும். ஆனால் அந்தக் கால் பங்குதான் மூளையைச் சாகாமல் வைத்திருக்கிறது. பக்கத்தில் இருப்பவர் உடனே அமுக்கினால் பிழைக்கும் வாய்ப்பு இரண்டு, மூன்று மடங்காகக் கூடலாம். செய்தும் ஆள் போனால் அந்தப் பழி உங்களுக்கு இல்லை. அவர் ஏற்கெனவே போய்க்கொண்டிருந்தார். நீங்கள் பிடித்திழுக்கப் பார்த்தீர்கள்.

விழும் முன்னே

வருமுன் காப்பதே மேல். 2007-இல் வெளியான ஓர் உலகளாவிய ஆய்வு, நம்மைப் போன்ற தெற்காசிய வம்சத்தவருக்கு முதல் மாரடைப்பு மற்றவர்களைவிட ஐந்தாறு ஆண்டு முன்னதாகவே வருகிறது என்று காட்டியது. மலேசிய சுகாதார அமைச்சின் 2023-ஆம் ஆண்டு ஆய்வில், பெரியவர்களில் நூற்றுக்கு 29 பேருக்கு இரத்த அழுத்தமும், 33 பேருக்குக் கெட்ட கொழுப்பும், ஏறக்குறைய 16 பேருக்குச் சீனி நோயும் இருப்பது தெரியவந்தது. பலருக்குத் தங்களுக்கு இருப்பதே தெரியாது.

கிளினிக்கில் பிரஷரையும் சீனியையும் பாருங்கள். மாத்திரையை "இப்ப நல்லா இருக்கு" என்று பாதியில் நிறுத்தாதீர்கள். சிகரெட்டை விடுங்கள். டின் பால் கொட்டிய தேநீரையும் உப்பையும் குறையுங்கள். கச்சான் பூத்தே நம் புந்தோங்குக்கே பெருமைதான். என்றாலும் பிரஷர்காரர் உப்புக் கடலையைக் கை நிறைய அள்ளாமல் அளவோடு கொறிக்கட்டும்.

நெஞ்சில் பாரம் வைத்த மாதிரி இறுக்கம், தோளுக்கோ கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, சில்லென்ற வியர்வை, மூச்சிரைப்பு, காரணமில்லாத குமட்டல் வந்தால் "வாயுப் பிடிப்பு" என்று கஷாயம் குடித்துக்கொண்டு விடியும்வரை காத்திருக்காதீர்கள். பெண்களுக்கும் சீனி நோயாளிகளுக்கும் வலி அதிகம் தெரியாமல், வெறும் அசதியாகவும் மூச்சு வாங்கலாகவும் வரலாம். உடனே 999-ஐக் கூப்பிடுங்கள். மோட்டார் சைக்கிளை நீங்களே ஓட்டிக்கொண்டு கிளம்பாதீர்கள். நம்மைச் சிரிக்க வைத்த நடிகர் விவேக் 2021 ஏப்ரல் 17 அன்று 59 வயதில் மாரடைப்பால் மறைந்ததை யாரும் எதிர்பார்க்கவில்லை. அடைப்பு முன்கூட்டித் தபால் போட்டுவிட்டு வருவதில்லை.

கிளைகள் செய்ய வேண்டியது

படித்தால் மட்டும் கை பழகாது. 1960-இல் நார்வே நாட்டுப் பொம்மைத் தொழிலதிபர் ஆஸ்முண்ட் லேர்டால் சி.பி.ஆர். பழக ஆள் அளவுப் பொம்மை செய்தார். இன்றும் அந்த மாதிரிப் பொம்மையில்தான் உலகமெங்கும் பழகுகிறார்கள். மலேசியச் செம்பிறைச் சங்கமும் செயின்ட் ஜான் ஆம்புலன்ஸும் முதலுதவி வகுப்பு நடத்துகின்றன. கிளைக் காரியதரிசிகள் அவர்களை அழைத்து ஒரு ஞாயிற்றுக்கிழமை வகுப்பு வைக்கலாம். கோயில் மண்டபம் போதும்.

வேலையிடத்தில் தொழிலாளியின் பாதுகாப்பு முதலாளியின் கடமை என்று 1994-ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் சொல்லுகிறது. ஆகவே ஒவ்வொரு டிவிஷனிலும் பயிற்சி பெற்றவர் இருவராவது இருக்க வேண்டும், பெரட்டுக் களத்தில் 999-க்குச் சொல்ல வேண்டிய வழி விவரம் எழுதித் தொங்க வேண்டும், ஆலையில் ஒரு ஏ.இ.டி. கருவி வேண்டும் என்று நிர்வாகத்திடம் கேளுங்கள். கூலி உயர்வு கேட்பது போலவே இதுவும் நியாயமான கோரிக்கைதான்.

இன்னொன்று. இன்று உங்கள் பக்கத்து நிரையில் இந்தோனேசியத் தோழரோ, வங்காளதேசத் தோழரோ இருக்கலாம். பாஷை வேறு என்று அவரை வகுப்பில் விட்டுவிடாதீர்கள். நீங்கள் விழும் நாளில் உங்கள் நெஞ்சை அமுக்கப் போகும் கை அவருடையதாக இருக்கலாம்.

இன்று இரவு சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு கெட்டித் தலையணையைத் தரையில் போடுங்கள். வீட்டில் உள்ள எல்லோரும், பெரிய பிள்ளைகள் உட்பட, முழங்காலிட்டு முப்பது எண்ணி அமுக்கிப் பாருங்கள். 999 என்ற எண்ணைச் சின்னப் பிள்ளைக்கும் சொல்லிக் கொடுங்கள். காலணா செலவில்லாத காரியம். தள்ளிப் போடாதீர்கள்!